வெள்ளிக்கிழமை மதியக் கூட்டம்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். இருபத்திரண்டு வருஷ வேலையில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் ஜாஸ்தி. குசுமாவதி டீச்சர் வகுப்பில் பிள்ளைகள் மூச்சு விடமாட்டார்கள் என்று எங்கள் தலைமையாசிரியர் காசி சார் வருகிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்வார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அந்தக் கைதான் போன வெள்ளிக்கிழமை மதியம் கவிநிலாவின் கன்னத்தில் விழுந்தது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை, எட்டு வயசு. நான் அப்போது செல்போன் ஆப்பில் இருபத்தாறு பிள்ளைகளின் மதிப்பெண்ணை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்குள் ஏற்றாவிட்டால் மெமோ. சர்வர் சுற்றோ சுற்றென்று சுற்றி, இருபத்துநாலாவது பெயருக்கு வந்திருந்தேன். இவள் ஓடி வந்து, தான் வரைந்த மயிலைக் காட்ட என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். போன் கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் எல்லாம் அழிந்து, முதலிலிருந்து ஆரம்பி என்கிறது. விட்டேன் ஒன்று. பிள்ளை தடுமாறிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். கையை விலக்கிப் பார்த்தேன், காதுக்குள்ளிருந்து ஒரு பொட்டு ரத்தம். முகத்தைக் கழுவிவிட்டு, போய் உட்கார் என்றேன். கொஞ்ச நேரத்தில் மணி அடித்துவிட்டது. பெரிய வகுப்பில் இருந்த காசி சாருக்கு ஒன்றும் தெரியாது.

ஞாயிறு சாயங்காலம் ஐந்து நாள் பயிற்சிக்குத் திருவண்ணாமலை வந்து சேர்ந்தேன். வேங்கிக்காலைத் தாண்டி ஒரு தனியார் கல்லூரி விடுதி. தங்குவதும் அங்கேயே, வகுப்பும் அங்கேயே. மொத்தம் நாற்பது ஆசிரியர்கள். என் அறையில் இன்னும் இரண்டு பேர். சந்திரகலாவுக்கு ஐம்பது வயசு, மலைமேல் ஒரு பள்ளியில் வேலை, சங்கத்துக்காரி. கலெக்டர் ஆபீஸ் வாசலில் கோஷம் போட்டே தொண்டை கரகரத்துப் போனவள். ரேவதி வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத சின்னப் பெண். என் ஒன்றியம்தான், ஆனால் பார்த்துப் பழகியதில்லை. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் மூவரும் ஒட்டிக்கொண்டோம். அதற்குக் காரணம் என் சாப்பாடு.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டோம். விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி ஏதாவது தெரியாமல் சோற்றில் விழுந்து செத்துவிடக்கூடாது. விடுதியிலோ எட்டு மணிக்குத்தான் சாப்பாடு. ஐந்து நாளையும் வாழைப்பழத்தில் ஓட்டிவிடலாம் என்று இருந்தேன். சந்திரகலா விடவில்லை. சமையல்காரரிடம் போய் என்ன பேசினாளோ, ஐந்தரைக்கு வகுப்பு முடிந்ததும் மூன்று தட்டுகளில் சுடச்சுடச் சோறு வந்தது. எனக்கு ஒன்று போதுமே என்றேன். ஒருத்தியைத் தனியாகத் தின்னவிட்டு வேடிக்கை பார்க்க நாங்கள் என்ன உன் மாமியார் வீட்டுக்காரர்களா என்றாள். மொட்டைமாடியில் மலையைப் பார்க்க உட்கார்ந்து மூவரும் சாப்பிட்டோம். நேற்றுவரை யாரென்றே தெரியாதவர்கள், எனக்காகத் தங்கள் பசி நேரத்தையே மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் அந்தச் சோற்றை நிம்மதியாகச் சாப்பிட முடியாமல் ஒரு காரணம் இருந்தது. அன்று காலை டீ இடைவேளையில் காசி சாரிடமிருந்து செய்தி வந்திருந்தது. கவிநிலா வரவில்லை, காதுவலியாம்.

வகுப்பில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. பயிற்சி நடத்துகிற கருத்தாளர் காலையிலேயே ஓர் அட்டைப்பெட்டியைச் சுற்றுக்கு விடுவார். நாற்பது போனும் அதற்குள் போய், அவர் மேசைமேல் உட்கார்ந்திருக்கும். சத்தத்தை அணைத்தாலும் அதிர்வு இருக்கிறதே. பெட்டிக்குள் ஏதாவது ஒன்று உறுமினால் போதும், எனக்கு வகுப்பே மறந்துவிடும். என்னுடையதா, காசி சாரா, பிள்ளையின் அப்பாவா, ஸ்டேஷனா? மற்றவர்கள் களிமண்ணில் பூனைக்குட்டி செய்துகொண்டிருக்க, நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கருத்தாளர் என் களிமண்ணைப் பார்த்து இது என்ன விலங்கு என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் ஆளுக்கொரு துண்டுச்சீட்டுக் கொடுத்தார். நீங்கள் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் பட்ட, இன்னும் மறக்காத கஷ்டம் ஒன்றை எழுதுங்கள், பெயர் போடவேண்டாம் என்றார். பிறகு ஒவ்வொன்றாகப் படித்தார். நாற்பதில் முப்பதுக்கு மேல் அடிதான். தலையில் நரை விழுந்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், ஸ்கேலையும் பிரம்பையும் மொட்டை வெயிலில் முட்டி போட்டதையும் எழுதியிருந்தார்கள். ஒரு சீட்டில், அடித்த வாத்தியார் செத்துப் பதினைந்து வருஷமாகிறது, இன்றைக்கும் அவர் தெருப்பக்கம் போகமாட்டேன் என்று இருந்தது. அதற்கும் அரங்கம் சிரித்தது. கவிநிலா என் வயசில் ஒரு சீட்டு எழுதினால் அதில் நான்தான் இருப்பேன். என் சீட்டை ஒன்றும் எழுதாமலே மடித்துக் கொடுத்தேன்.

மதியம் பெட்டியிலிருந்து போனை எடுத்தேன். காசி சாரின் அடுத்த செய்தி. பிள்ளையைத் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். காதுச் சவ்வு கிழிந்திருக்கிறதாம். தானாகக் கூடிவிடும் என்கிறார்களாம், ஆனால் ஒரு மாசம் போனால்தான் உறுதியாகத் தெரியுமாம். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டாராம். பிள்ளை என்ன சொன்னாள் என்று அந்த மனுஷன் எழுதவில்லை. திருப்பிக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

அன்று மாடியில் ஒரு பருக்கைகூட இறங்கவில்லை. பூச்சி சாகக்கூடாதென்று பொழுதோடு சாப்பிடுகிற புண்ணியவதி, பிள்ளையின் காதைக் கிழித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். சந்திரகலா என் தட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், என்னடி என்றாள். அவ்வளவுதான், உடைந்துபோனேன். மயில், ஆப், ரத்தம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இந்தக் காலத்தில் பிள்ளைமேல் கை வைத்தால் சஸ்பெண்ட், அதற்குமேல் போலீஸ் கேஸ். என் சம்பளத்தை நம்பித்தான் மகள் நர்சிங் படிக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பிள்ளைக்குக் காது கேட்காமல் போய்விட்டால்?

திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். சந்திரகலா தண்ணீர்ச் செம்பை என் கையில் கொடுத்தாள்.

"குடி. நாங்க எதுக்கு இருக்கோம்? கூட இருக்கறவள நடுத்தெருவுல வுட்டுடுவோமா?"

இப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை மதியக் கூட்டம் எனக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்காக எங்கள் ஒன்றிய அலுவலகத்தில் போன வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு ஒரு கூட்டம் நடந்தது. கட்டாயமில்லை. ஏழெட்டுப் பேர் போனார்கள், ரேவதியும் போயிருந்தாள். நான் போகவில்லை. ஆப் வேலை இருந்ததே. அந்தக் கூட்டத்தின் வருகைத்தாள் இன்னும் மேலிடத்துக்குப் போகாமல் இளவரசனின் ஃபைலில் இருந்தது. இளவரசன் எங்கள் ஒன்றியத்துச் சங்கச் செயலாளர், இங்கேயும் பதிவேடு அவர் பொறுப்பு. தாளில் கீழே நாலு வரி காலி. அதில் நான் ஒரு கையெழுத்துப் போட்டால், அன்று மதியம் நான் பள்ளியிலேயே இல்லை.

சந்திரகலா அன்றே அவரைப் பிடித்துப் பேசிவிட்டாள். அவரும் தட்டவில்லை. காசி சாருக்கு அவரே போன் போட்டார். காசி சார் ஓய்வுபெற எட்டு மாசம் இருக்கிறது. பள்ளியில் கேஸ் என்று வந்தால் அவர் பென்ஷனும் தொங்கும். மறுபேச்சுப் பேசவில்லையாம். அரை மணி நேரத்தில் முடிந்தது. இதே ஆட்களைக் கொண்டு ஒரு பள்ளிக்குக் கக்கூஸ் கதவு மாட்ட ஒரு வருஷம் ஆகும்.

வகுப்பில் இருபத்தைந்து பிள்ளைகள் பார்த்தார்களே என்றேன்.

"மூணாவது படிக்கறதுங்க பேச்ச எவன் எடுத்துக்கப்போறான்? டீச்சர் அங்க இல்லன்னு ஹெட்மாஸ்டரும் செயலாளரும் சொன்னா, இல்ல. அவ்ளோதான்" என்றாள் சந்திரகலா.

ரேவதி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உங்க பக்கத்துல உக்காந்திருந்தேன்னு சொல்றேன்கா. யார் கேட்டாலும் சொல்றேன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அதோடு பயமும் வந்தது. அதுவரை என் ஒருத்தியின் கையில் இருந்த பொய் இப்போது ஐந்து பேர் கைக்குப் போய்விட்டது. இதில் ஒருத்தர் வாய் தவறினால் ஐந்து பேரும் மாட்டுவோம்.

புதன்கிழமை முழுக்க ரேவதி எனக்கு அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பாடம் எடுத்தாள். டீ குடிக்கும்போது, கை கழுவும்போது, படியேறும்போது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். மின்விசிறி ஓடவில்லை. மூன்று மணிக்குக் கேசரி கொடுத்தார்கள், கலர் ஜாஸ்தி, நெய் கம்மி. நான் பாதி தின்றுவிட்டு மீதியை அவளுக்குக் கொடுத்தேன். நல்ல ஆசிரியைதான் அவள், திருப்பித் திருப்பிச் சொல்லி மண்டையில் ஏற்றிவிட்டாள். மதியத்துக்குள் அந்தக் கேசரி என் நாக்கில் இனித்தது. அதுதான் என்னை இன்னும் கலங்கடித்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால், நான் அடிக்கவேயில்லை என்று நானே நம்பிவிடுவேன்.

மூன்று மணி சுமாருக்கு ஒரு போலீஸ் ஜீப் விடுதி வாசலில் வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு எஸ்.ஐ., இரண்டு கான்ஸ்டபிள். இறங்கி நேரே ஆபீசுக்குள் போனார்கள். பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். என்ன சொல்வது? மூன்றாவது வரிசை. மின்விசிறி ஓடவில்லை. கேசரி. மகளுக்கு யார் சொல்வார்கள்? என் கைப்பை எங்கே? கால் மணி நேரம் கழித்துச் சந்திரகலா கதவைத் தட்டினாள். நாளைக்குப் பௌர்ணமி, பந்தோபஸ்துக்கு வருகிற போலீஸ்காரர்கள் தங்க இடம் பார்க்க வந்தார்களாம். கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். என் ஜாக்கெட் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பைத்தியம், பைத்தியம் என்று முதுகைத் தடவிக்கொடுத்தாள். என் கூடப் பிறந்தவள்கூட அப்படிச் செய்ததில்லை.

வியாழக்கிழமை காலை டிபன் முடிந்ததும் இளவரசன் ஃபைலைத் திறந்து தாளை நீட்டினார். முதல் காலி வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். போட்டேன். கு, சு, மா என்று என் கையெழுத்து குண்டு குண்டாக அழகாகவே விழுந்தது. நல்லவேளை, கை நடுங்கவில்லை என்று அந்த நேரத்தில் சந்தோஷப்பட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

பௌர்ணமிக் கூட்டத்தில் சாலையெல்லாம் அடைத்துவிடும் என்று அன்று மூன்று மணிக்கே வகுப்பை விட்டுவிட்டார்கள். மாடிக்குப் போனோம். கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்றாள் சந்திரகலா. பிள்ளையின் அம்மாவுக்கு நான் ஒரு போன் போடவேண்டும். நலம் விசாரிக்க வேண்டும். பேச்சோடு பேச்சாக, வெள்ளிக்கிழமை மதியம் நான் கூட்டத்துக்குப் போய்விட்டேனே, அப்போதா அடிபட்டது, ஐயோ பாவம் என்று சொல்லிவிட வேண்டும். பெற்றவள் மனசு இளகும், கூட்டமும் அவள் காதில் விழுந்துவிடும். தடுமாறினால் எடுத்துக்கொடுக்க வசதியாக போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

மணி அடித்தது. எடுத்தது கவிநிலா. அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறாளாம். டீச்சர் பேசுகிறேன் என்றேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "இருங்க டீச்சர், இந்தக் காதுல கேக்கல, மாத்தி வச்சிக்கறேன்" என்றாள்.

ரேவதி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லீங்க டீச்சர். சாப்பிட்டாயா? சாப்ட்டேங்க டீச்சர். எதைக் கேட்டாலும் எழுந்து நின்று சொல்வதுபோல் பதில் வந்தது. கூட்டத்தைப் பற்றி ஆரம்பி என்று சந்திரகலா சைகை காட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அம்மாவுக்குக் கேட்காமல் பேசுகிறாள் என்று புரிந்தது.

"டீச்சர், பைப்பாண்ட வழுக்கி வுழுந்துட்டேன்னுதான் சொன்னேன். டாக்டரு ரெண்டு வாட்டி கேட்டாரு. ரெண்டு வாட்டியும் அதேதான் சொன்னேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "சரியா சொன்னேனா டீச்சர்?"

அப்பாடா என்று சந்திரகலா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. விட்ட மூச்சை அவளே பாதியில் நிறுத்தினதும் கேட்டது. கணக்குக்கு விடை சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாளே, அதே குரல். படித்த ஐந்து பேர் மூன்று நாளாக உட்கார்ந்து ஜோடித்த பொய்யை, இந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமையே, வீட்டுக்குப் போகிற வழியில், யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே ஜோடித்துவிட்டாள். நான் மெமோவுக்குப் பயந்தேன், போலீசுக்குப் பயந்தேன், டாக்டருக்குப் பயந்தேன். அவள் இத்தனை நாளும் எனக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"அம்மாகிட்ட குடு கண்ணு" என்றேன்.

சந்திரகலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். போனின் வாய்ப்பகுதியை உள்ளங்கையால் மூடினாள்.

"குசுமா, வேணாம். அதான் பிள்ளையே சொல்லிடுச்சே. தாள்ல கையெழுத்து வேற போட்டிருக்க. இளவரசன் சார் மாட்டுவாரு. இந்தப் பொண்ணு வேலைக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகல."

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். என்னைக் கட்டிக்கொண்ட அதே கைதான் பிடித்திருந்தது. நான் ரேவதியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"சொல்லுங்கக்கா" என்றாள். "பக்கத்துல உக்காந்திருந்தேன்னு என்னால சொல்ல முடியாதுக்கா. அது பேசினத கேட்டுட்டேன்ல."

சந்திரகலாவின் பிடி உடனே தளரவில்லை. பிறகு கையை எடுத்துக்கொண்டு, எழுந்துபோய்க் கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். இளவரசனிடம் நானே பேசிக்கிறேன், அந்தத் தாள் வெளியில் போகாது என்று எங்களைப் பார்க்காமலே சொன்னாள்.

போனில் பிள்ளையின் அம்மா வந்தாள். டீச்சருங்களா, சொல்லுங்க டீச்சர் என்று மூச்சிரைக்கக் கேட்டாள். ஓடி வந்திருக்கிறாள். மூன்று தடவை ஆரம்பித்தேன்.

"அம்மா, கவிநிலா பைப்புல வழுக்கி வுழல. நான்தான் அடிச்சேன்."

அழுவாள், கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எதுவும் வரவில்லை.

"தெரியும் டீச்சர்" என்றாள். "அன்னிக்கே தெரியும். அஞ்சு வெரலும் கன்னத்துல இருந்துச்சு. பைப்பு எங்கனா அஞ்சு வெரல் வைக்குமா?"

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். டாக்டரிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். யார் யாரைக் கேட்பது என்று எனக்கே அசிங்கமாக இருந்தது.

"சொல்லிட்டு இன்னா டீச்சர் பண்றது? ஊர்ல இருக்கறது ஒரு பள்ளிக்கூடம். மறுபடியும் உங்ககிட்டதான அனுப்பணும்." குரல் இறங்கிவிட்டது. அவள் மகளின் குரல் மாதிரியே இருந்தது. "திங்கக்கெழம அனுப்பறேன் டீச்சர். இத மனசுல வச்சிக்கினு அவள ஒண்ணும் பண்ணிடாதீங்க."

பண்ணமாட்டேம்மா என்றேன். இனிமேல் எந்தப் பிள்ளைமேலும் கை வைக்கமாட்டேன், நானே மேலே எழுதிக் கொடுக்கப்போகிறேன், வைத்தியச் செலவு என்னுடையது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவள் நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும், சரிங்க டீச்சர், சரிங்க டீச்சர் என்றுதான் சொன்னாள்.